பங்காளி ஆனேனுங்க

மொரிஷியஸ்
14.7.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

சேர்மராஜ் எழுதுகிறேன். நான் இங்கே சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அடுத்த மாதம் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் லீவில் வருகிறான், அவனிடம் தைலம் கொடுத்து விடுகிறேன்.

ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். இங்கே ஃபோன் மேனேஜர் மேசையில் இருக்கிறது. நீங்கள் பேசுவதோ பேக்கரிக்குப் பக்கத்து பூத்தில். நான் சொல்லப்போகிற விஷயத்தை அந்த பூத்துக்காரர் முன்னால் கேட்டால் "ம், ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள்.

சுற்றி வளைக்கவில்லை. நாச்சிமுத்து ஐயா மகள் கீர்த்தனாவும் நானும் விரும்புகிறோம். அவர் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்த காலத்தில் அவளும் ஆபீசில் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உங்களுக்கே தெரியும். ஓடிப்போகிற எண்ணம் எங்கள் இருவருக்கும் இல்லை. நீங்கள் போய் முறையாகக் கேட்க வேண்டும்.

அவர்கள் தோட்டம் துரவு என்று அந்த மண்ணிலேயே வேர்விட்ட குடும்பம், நாம் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் வருஷக்கணக்கில் அவருடைய துணியைத்தான் தைத்துக் கொடுக்கிறீர்கள். ஒரு தடவைகூடச் சொன்ன தேதி தவறியதில்லை. உங்கள் பேச்சுக்கு அவரிடம் மரியாதை உண்டு. முடியாது என்று அவர் சொன்னால் சொல்லட்டும் அப்பா. நாம் கேட்கவே இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சேர்மராஜ்

*

முதலிபாளையம்
25.8.2002

அன்பு மகன் சேர்மராஜுக்கு,

அப்பா பொன்னுச்சாமி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கு நானும் உன் அம்மா ராமுத்தாயும் நலம். மழைதான் இல்லை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. மிஷின்கள் பாதி நேரம் சும்மா கிடக்கின்றன, டெய்லர்கள் பாதி நேரம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உன் கடிதத்தைக் கட்டிங் மேசை மேலேயே வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் காது சூடாகிவிட்டது. உன் அம்மாவிடம் கொடுத்தால் அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அந்தப் புள்ள ஒங்கள மாமா, மாமான்னு கூப்புடுதே, அப்பவே நீங்க முழிச்சிருக்கணும்" என்கிறாள். நான் என்ன கண்டேன்? இந்த ஊரில் பூனையைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண்ணும் மரியாதைக்குக் கூப்பிடுகிறது என்று இருந்துவிட்டேன்.

ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று அம்மா பிடித்துவைத்தாள். ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாளில் போனேன். நாச்சிமுத்து ஐயா எழுந்து வந்து வரவேற்றார். நாற்காலியில் உட்காரவைத்து, காபி வரவழைத்தார். "பையனைப் பத்தி ஒரு விஷயமுங்க" என்று ஆரம்பித்தேன்.

"பையனைப் பத்தி மெதுவாப் பேசிக்கலாமுங்க. நானே உங்களைத் தேடி வரோணும்னு இருந்தேனுங்க. நீங்க நம்ம சபையில சேந்துக்கோணும்" என்றார்.

என்ன சபை என்று உனக்குத் தெரியும்தானே? தோள்கொடுப்பார் சபை. அந்தக் காலத்தில் ஊரில் கொள்ளைநோய் வந்து, பிணம் தூக்க ஆளில்லாமல் கிடந்தபோது வண்டிக்காரர்களும் தறிக்காரர்களுமாகச் சேர்ந்து ஆரம்பித்தது. இன்றைக்கும் சபையில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள்தான் தோள் கொடுக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பங்காளி என்றுதான் அழைக்கிறார்கள். ஊரில் பெரிய பனியன் கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். வெளியூர்க்காரன் ஒருவனை இதுவரை சேர்த்ததே இல்லையாம். "நீங்கதானுங்க மொதல்" என்றார்.

சேர்மா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது உனக்கு மீசை இல்லை, எனக்கு நரை இல்லை. இன்றைக்கும் பேக்கரியில் என்னைத் தெற்கத்தி ஆளு என்றுதான் சொல்கிறார்கள். "அந்தத் தெற்கத்தியாரு யூனிட்டு" என்றால்தான் ஆட்டோக்காரனுக்கு வழி தெரிகிறது. அப்படிப்பட்டவனை அவர் பங்காளி என்று கூப்பிட வருகிறார்.

சபையில் சேர்ந்த பிறகு சரிக்குச் சரியாக உட்கார்ந்து கேட்கலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு உன் அப்பா,
பொன்னுச்சாமி

*

மொரிஷியஸ்
15.9.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து அறை நண்பர்களுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டேன், காரணம் மட்டும் சொல்லவில்லை.

தாராளமாகச் சேருங்கள். நம்மை வேற்றாளாக நினைக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சேர்ந்த பிறகு கேட்பதுதான் நல்லது. புது வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்பேறின வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

கீர்த்தனாவும் எழுதியிருந்தாள். அவள் அப்பா திடீரென்று நம் வீட்டைப் பற்றி ரொம்பப் பிரியமாகப் பேசுகிறாராம். அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்கிறாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். நீங்கள் எழுதியதைச் சொல்லித் தைரியமாக இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
சேர்மராஜ்

*

முதலிபாளையம்
20.10.2002

அன்பு மகன் சேர்மராஜுக்கு,

இந்தக் கடிதத்தை ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்.

விஜயதசமி அன்று காலையில் குன்னத்தூரில் சபையின் பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி சட்டையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. விளக்குக்கு முன்னால் நாச்சிமுத்து ஐயா பக்கத்தில் என்னை உட்காரவைத்து, ஒரே துண்டை எங்கள் இருவர் தோளிலும் சேர்த்துப் போட்டார்கள். அதுதான் வழக்கமாம். சபையிலேயே மூத்தவர் ஆத்தப்பன் என்று ஒரு பெரியவர். அவர் ஒவ்வொரு வாசகமாகச் சொல்ல, சேருகிறவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"உங்க வாசல் என்ர வாசல்" என்றார். சொன்னேன். "உங்க சாவு எனக்குத் தீட்டு" என்றார். சொன்னேன். குரல் கணீரென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்து அவர் சொன்னார்: "உங்க ஊட்டுப் பொண்ணு எனக்குப் பொண்ணு. என்ர புள்ளைக்குப் பொறந்தவ."

பொறந்தவ என்றால் இங்கே கூடப்பிறந்தவள், சேர்மா. எனக்கு வாய் நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது. பங்காளி வீட்டில் பெண் எடுப்பார்களா? பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை அல்லவா? பையனைப் பற்றி மெதுவாகப் பேசலாம் என்றாரே, அவருக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுக்கு அடியில் அவர் தோள் என் தோளை ஒட்டியிருந்தது.

கூடம் முழுவதும் காத்திருந்தது. பின்னால் யாரோ, "ரோசன பண்றாராட்ட இருக்குது" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

உன்னை நினைக்கவில்லை என்று எண்ணாதே. நினைத்தேன். உன் முகம் கண்முன்னால் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இப்போது துண்டை உதறிவிட்டு எழுந்தால் நாளைக்குப் பேக்கரியில் என்ன பேசுவார்கள், தெற்கத்தியானை நடுவீட்டில் உட்காரவைத்தால் இப்படித்தான் என்பார்களே என்று நினைத்தேன். நினைத்துவிட்டுச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், திக்காமல் சொன்னேன். பெரியவர், "பங்காளி ஆனீங்களா?" என்று கேட்டார். "ஆனேனுங்க" என்றேன்.

எல்லோரும் வந்து கட்டிப்பிடித்தார்கள். பிறகு விருந்து. அங்கேயும் நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

வாசலிலேயே உன் அம்மா, "என்ன சொல்லச் சொன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "மண்டபம் நெறைய ஆளப் பாத்ததும் பெத்த புள்ள மறந்துபோச்சோ ஒங்களுக்கு?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

உன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் ஃபோன் பண்ணவில்லை.

பொன்னுச்சாமி

*

மொரிஷியஸ்
12.11.2002

அப்பாவுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் ஃபோன் செய்தபோது நான் அறையில்தான் இருந்தேன். இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

சேருங்கள் என்று எழுதியவன் நான்தான். நம் தெற்கத்தி ஊரில் வழியில் போகிறவனையெல்லாம் அண்ணாச்சி என்போம், அண்ணாச்சி மகளையே கட்டிக்கொள்ளவும் செய்வோம். அந்தப் புத்தியில் அவர்கள் ஊர்ச் சொல்லை எடைபோட்டுவிட்டோம். அதில் என் பங்கும் உண்டு. கீர்த்தனா பயப்பட்டாள், நான் அவளைக் கேலி செய்தேன்.

ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகும் சொன்னீர்களே அப்பா. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என் பேரைச் சொல்லிப் பையன்கள் கேலி செய்தபோது, "யாருக்காகவும் தலை குனியாதே" என்று சொன்னது நீங்கள்தானே? யார் என்ன நினைப்பார்கள் என்பதற்காக என்னைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதுவும் அவர்கள் கேட்டவுடனே.

எனக்கு உங்கள் வருத்தம் வேண்டாம். அவரிடம் போய், இஷ்டமில்லாமல் சொல்லிவிட்டேன், நான் சபையில் இல்லை என்று சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

சேர்மராஜ்

*

முதலிபாளையம்
9.1.2003

அன்பு மகனுக்கு,

நீ சொன்னபடி போனேன். போவதற்கே ஒரு மாதம் பிடித்தது. வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்: பையனுக்காகக் கேட்கத்தான் அன்றைக்கு வந்தேன், உங்களுக்கும் அது தெரியும், இஷ்டமில்லாமல் சொன்ன சொல் அது, என்னை விட்டுவிடுங்கள் என்று.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உக்காருங்க பங்காளி" என்று கையைப் பிடித்தார். "நீங்க வந்து கேட்டு, நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா, அப்பறம் நாம ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் எப்படீங்க முழிக்கறது? உங்களைக் கேவலப்படுத்தக் கூடாதுன்னுதானுங்க இப்புடிச் செஞ்சேன். என்ர சொந்தக்காரங்க எத்தனையோ பேரு சபைக்குக் காத்துட்டு இருக்கறாங்க. அவியளை உட்டுப்போட்டு உங்களைக் கூப்புட்டேன்" என்றார். அவர் நடிக்கவில்லை, சேர்மா. எனக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாகவே அந்த மனிதர் நம்புகிறார். "சபையில சொன்ன சொல்லுக்கு மாத்து இல்லீங்க. நீங்க உட்டுட்டுப் போனாலும் பங்காளி பங்காளிதானுங்க" என்று முடித்துவிட்டார்.

அந்த நேரம் கீர்த்தனா காபி கொண்டுவந்தது. ஆள் பாதியாகிவிட்டது. டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு நின்றது. அவர், "சித்தப்பாவக் குடிக்கச் சொல்லு கண்ணு" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு, "குடிங்க சித்தப்பா" என்றது. நான் குடித்தேன். குடிக்காமல் வந்திருந்தால் அந்தப் பிள்ளையைத் தண்டித்ததுபோல் ஆகியிருக்கும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "எதுக்கெடுத்தாலும் ஒங்களுக்கு ஒரு காரணம் இருக்கு" என்றாள். இவ்வளவு நாளில் அவள் பேசியது அதுதான்.

இனி எழுதப்போவதை எழுதாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல். போன வாரம் அவரும் அவர் மனைவி வேலாத்தாளும் தாம்பூலத்தோடு நம் வீட்டுக்கே வந்தார்கள். கீர்த்தனாவுக்கு மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பொங்கலூர்ப் பக்கம், கந்தவேல் என்று பெயர். கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். இவர்கள் கல்யாணத்தில் கைகோர்வை என்று ஒரு சடங்கு உண்டு. பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளையின் கையைக் கோத்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும். வாழ்த்துப் பாடி முடிகிறவரைக்கும் கையை விடக் கூடாது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. நீ வந்து நிற்க வேண்டும் என்று கேட்டார். கம்பெனியில் உங்கள் இருவரைப் பற்றியும் பேசிய பேச்சு பொங்கலூர் வரை போயிருக்கிறதாம். "பையன் வந்து பொறந்தவனா நின்னுட்டா எல்லா வாயும் மூடிக்குமுங்க" என்றார்.

நான், "பையனுக்கு லீவு கிடைக்காதுங்க" என்றேன். அப்போதும் எனக்கு அப்படித்தான் வந்தது பார். சமையல்கட்டில் இருந்து உன் அம்மா, "லீவெல்லாம் இருக்கு. அவன் வரமாட்டான்" என்றாள். வேலாத்தாளம்மா முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நானும், "வரமாட்டானுங்க" என்றேன். குரல் எழும்பவில்லை போலிருக்கிறது, "என்னங்க?" என்று அவர் கேட்டார். திரும்பவும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீ வராதே, சேர்மா. நானும் அம்மாவும் போய்விட்டு வந்துவிடுகிறோம். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு வரி பதில் போடு.

அப்பா

*

மொரிஷியஸ்
3.3.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டீர்கள். அப்புறம் உட்கார்ந்துவிட்டீர்கள். அம்மா எழவே இல்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உங்கள் கிட்டே வராமல் நான் கோவைக்கு பஸ் ஏறிவிட்டேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வந்திருந்தால் மறுபடி கிளம்பியிருக்க மாட்டேன்.

நீங்கள் வராதே என்று எழுதியும் ஏன் வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். கீர்த்தனா ஃபேக்டரிக்கு ஃபோன் செய்தாள். மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாதவர், நல்லவேளை. அவள் அழவில்லை. "நீங்க வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க. கேக்கறதுக்கு நான் அந்த ஊட்டுல காலம் பூரா பதில் சொல்லோணும்" என்றாள். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். "எனக்குத் தைரியம் இருந்திருந்தா இந்த ஃபோன்ல வேற பேசியிருப்பேனுங்க" என்றாள். அவள் என்னிடம் முன்பெல்லாம் அப்படி 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அவள் அப்பா அனுப்பிய டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, சொந்தமாக டிக்கெட் எடுத்து வந்தேன்.

மேடையில் ஏறி நின்றதும் யாரோ என் தலையில் தலைப்பாகை கட்டினார்கள். மாப்பிள்ளையின் கையையும் என் கையையும் கோத்துவிட்டார்கள். பாட்டு ஆரம்பித்தது. அவள் பக்கத்தில்தான் இருந்தாள். கையை உருவிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். மண்டபம் முழுக்க ஜனம். முன்வரிசையில் சபைக்காரர்கள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, என்னால் முடியவில்லை. அவளுக்காகத்தான் விடவில்லை என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எனக்கும் வெட்கமாக இருந்தது. போன வருஷம் உங்களுக்குக் கோபமாக எழுதிய அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதை எழுதியவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவிடமும் இதைச் சொல்லி, அவளைப் பேசவையுங்கள். ஆனால் ஊருக்கு இனி வருவதாக இல்லை. கீழே இறங்கும்போது நாச்சிமுத்து ஐயா என் தோளில் கைபோட்டு, "அடுத்த தடவ வந்தா மொதச் சோறு பெரியப்பன் ஊட்டுலதான் கண்ணு" என்றார். கல்யாணமான பெண் விருந்துக்கு வருகிற வீடு அது. இங்கேயே காண்ட்ராக்ட்டை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒரு தடவை வாருங்கள். இங்கே கடல் நன்றாக இருக்கும்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லையே. நல்ல பையன்தான். கை வியர்த்துக்கொண்டே இருந்தது. பாட்டு பாதி போனபோது என் காதுப் பக்கம் குனிந்து, "நமக்கு முடிஞ்சுது. உங்களுக்கு எப்பங்க மச்சான்?" என்று கேட்டார்.

"பாத்துட்டு இருக்கறாங்க மாப்பிள்ளை" என்றேன்.

உங்கள் மகன்,
சேர்மராஜ்